ஞாயிறு மண்வெட்டியும் திங்கள் மனுவும்

நமது கிளைக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு குறை இது: "கோயில் சபை வேலைக்கு என்றால் விடிய ஐந்து மணிக்கே மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள். சங்கக் கூட்டத்துக்கு என்றால் மட்டும் மழை, காய்ச்சல், மச்சான் வீட்டு விசேஷம்." சொல்பவர்கள் தோட்டத் தலைவர்கள். அவர்கள் குறிப்பிடுவது பங்குக் கோயிலின் ஆண்கள் சபையை. பலாபத்வல பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சு சமீபமாகக் கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. ஒரு தலைவர், சபைக்குப் போகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுங்கள் என்றுகூடக் கேட்டார். எதற்கு என்று நாங்கள் கேட்டோம். அவரிடம் பதில் இல்லை.

எங்களில் சிலர் பூசைக்குப் போகிறவர்கள். பெரும்பாலானோர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டுக்கும் போகாதவர்களும் உண்டு. ஆகவே ஒரு மதத்துக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. ஒரே லயத்தில் இருக்கும் ஆண்கள் சம்பளமில்லாமல் ஒரு வேலைக்குக் கூடுகிறார்கள் என்றால், ஒரு தொழிற்சங்கம் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம். பங்குத்தந்தை தோட்டத்துக் கோயிலுக்கு மாதத்தில் ஒரு தடவை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் நடத்துவார். செபம் முடிந்ததும் பத்துப் பதினைந்து ஆண்கள் மண்டபத்தில் நிற்பார்கள். இந்த வாரம் யார் வீட்டுத் தகரம் பறந்தது, யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், எந்தப் பாட்டியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பேசுவார்கள். பிறகு பிரிந்து போவார்கள். தகரத்துக்கு ஆணி அடிப்பது, நடக்க முடியாதவரை நாற்காலியில் தூக்கி வண்டி வரும் பாதைவரை கொண்டுவந்து சேர்ப்பது, தண்ணீர்க் குழாயில் அடைத்த சருகை எடுப்பது, பிள்ளைகள் பள்ளிக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் புல் வெட்டுவது எல்லாம் நடக்கும். ஜூன் மாதத்தில் வஹாகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குப் பந்தி வைப்பார்கள். யாராவது செத்தால் குழி வெட்டுவார்கள்.

குழி வெட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் குழிக்கு ஆறு பேர், தூக்க எட்டுப் பேர், கொட்டகைக்கு நாலு பேர், சாமான் வாங்க இரண்டு பேர் தேவை. முன்பெல்லாம் ஒரு குரல் கொடுத்தால் லயமே வந்து நிற்கும். இப்போது இளைஞர்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஐம்பது தாண்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். பாறை நிலத்தில் ஆறடி வெட்டுவது அறுபது வயது மனிதனின் வேலை அல்ல. ஆனாலும் சபைக்காரர்கள் வெட்டுகிறார்கள். செத்தவர் சிலுவை போட்டவரா திருநீறு பூசியவரா என்று கேட்டு வெட்டுவதில்லை. அதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

வேலை முடிந்ததும் மண்டபத் திண்ணையில் வெறுந்தேத்தண்ணி, தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேசுவார்கள். எங்கள் கணக்கில் அந்த அரை மணி நேரம் அவர்கள் வெட்டிய புல்லைவிடப் பெரியது. லயத்து ஆண்களுக்குக் கூடி உட்கார என்ன இடம் இருக்கிறது? பத்துக்குப் பத்து காம்பராவில் இடமில்லை. வாசிகசாலை இருந்தால் கதவு பூட்டியிருக்கும். மிச்சம் தவறணையும் கசிப்பு விற்கும் வீடும்தான். அங்கேயும் மனம் விட்டுப் பேசுவார்கள், ஆனால் பேசி முடிப்பதற்குள் அன்றைய நாட்சம்பளம் முடிந்துவிடும். மண்டபத் திண்ணையில் பேசினால் செலவில்லை. மகன் கொழும்பிலிருந்து மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்று ஒருவர் அங்கேதான் வாய் திறந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று இன்னொருவர் அங்கே சொன்னதால்தான் மற்றவர்கள் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் கொழுந்து மலையில் தங்கள் கஷ்டத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஆண்கள் அப்படிச் சொல்ல ஏதாவது ஒரு வேலையைச் சாக்காக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சங்கங்களின் பழக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தா சம்பளத்திலேயே வெட்டப்பட்டுவிடுகிறது, அதனால் சந்தா வாங்க வீட்டுக்கு வர வேண்டிய தேவை போய்விட்டது. சாவு வீட்டுக்குப் பெரிய தலைவர்கள் வந்தால் மலர்வளையம் வைப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் கோயில் சபைக்காரர்கள் இருப்பார்கள். இதைச் சொன்னால் நமது தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆனால் சபைக்காரர்களிடமும் சொல்ல நமக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

நம் பாட்டன் பூட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்த பாதை எது? ரயில் வருவதற்கு முந்திய காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். பலாபத்வல சந்தியில் இன்று பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அந்த வடக்குப் பாதைதான் அது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் பாதை ஓரத்திலேயே கிடந்தார்கள். புதைக்க ஆள் இல்லை, புதைத்த இடத்துக்கு அடையாளமும் இல்லை. தோட்டத்தில் சாவு என்றால் நாம் எல்லா வேலையையும் போட்டுவிட்டு ஓடுவதற்கு அந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றும்.

கத்தோலிக்கர்களுக்கு இதே மலைநாட்டில் இன்னும் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சிறையில் போடப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அவரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் ஊரிலேயே தங்கி, கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவினார்கள், சோறு கொடுத்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நமது தோட்டங்களிலிருந்தும் பஸ் பிடித்துப் போனவர்கள் உண்டு.

இன்று பங்குகளில் இருக்கும் ஆண்கள் சபைகளுக்கு நேரடியான மூத்த அண்ணன் என்று வின்சென்ட் டி போல் சபையைச் சொல்லலாம். 1832இல் பாரிஸ் நகரில் வாந்திபேதி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் சேர்ந்து இந்தச் சபையைத் தொடங்கினார்கள். உங்கள் கோயில் பழங்கதை பேசுகிறது, இன்று ஏழைக்கு என்ன செய்கிறீர்கள் என்று விவாத மேடையில் ஒருவர் கேட்ட கேள்வி அவர்களைக் குத்தியது. தங்களிடம் மீந்திருந்த விறகை ஒரு ஏழை வீட்டுக்குச் சுமந்து போனதுதான் முதல் வேலை என்று சொல்வார்கள். விறகுக் கட்டு சுமப்பது என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீடு வீடாக இரண்டிரண்டு பேராகப் போவது அன்று தொடங்கிய பழக்கம். இலங்கைப் பங்குகளில் இன்றும் அப்படித்தான் போகிறார்கள்.

பலர் மறந்துவிடும் சங்கதி ஒன்று உண்டு. ஓசானாம் விறகோடு நிற்கவில்லை. பிறகு லியோன் நகரில் சட்டம் கற்பித்தபோது தொழிலாளியின் கூலியைப் பற்றியும், உழைப்பவனை இயந்திரம் மாதிரி நடத்துவதைப் பற்றியும் வகுப்பில் பேசினார். 1848இல் பிரான்சில் புரட்சி வந்தபோது தொழிலாளர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். (அதே 1848 ஜூலையில்தான் நமது மாத்தளையில் வெள்ளைக்காரன் போட்ட வரிகளுக்கு எதிராக வீர புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் எழுந்தார்கள். பள்ளியில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

இன்னொரு கதை அமெரிக்காவில் நடந்தது. அது இன்னும் நமக்குக் கிட்டியது. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன கத்தோலிக்கத் தொழிலாளர்கள் ஆலைகளில் அடிபட்டும் நோயிலும் சீக்கிரமே செத்தார்கள். வீட்டுக்காரன் செத்தால் மனைவி பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். மைக்கேல் மக்கிவ்னி என்ற இளம் குரு அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான். அவருடைய தகப்பன் பித்தளை ஆலைத் தொழிலாளி. தகப்பன் இறந்தபோது வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தார்கள். அவர் 1881 ஒக்டோபரில் நியூ ஹேவன் நகரில் தன் பங்குக் கோயிலின் நிலவறையில் ஆண்களைக் கூட்டினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் சட்டப்படி பதிவு செய்தார். உறுப்பினர் ஒருவர் செத்தால் விதவைக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் முதல் நோக்கம். கொலம்பஸ் வீரர்கள் சபை என்ற அந்த அமைப்பில் இன்று 20 இலட்சத்துக்கு மேல் ஆண்கள் இருக்கிறார்கள். கொடியும் பட்டையும் அணிவகுப்பும் எல்லாம் உண்டு. அடித்தளம் என்னவோ ஒரு மரண சகாய சங்கம்தான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இந்தச் சபைகள் தொடங்கியபோது கேட்ட கேள்வி நாம் கேட்கும் கேள்வியேதான்: உழைப்பவன் விழுந்தால் அவன் வீடு என்னாகும்? 1891 மே 15ஆம் திகதி பாப்பரசர் 13ஆம் லியோ வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளர்கள் சங்கம் சேர்வது அவர்களுடைய உரிமை என்று சொன்னது. முதலாளியும் தொழிலாளியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்றும் சொன்னது. 2025 மேயில் தெரிவான புதிய பாப்பரசர் தன் பெயரை 14ஆம் லியோ என்று வைத்துக்கொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஆகவே சங்கத்துக்குப் போனால் சுவாமியார் என்ன நினைப்பாரோ என்று தயங்கும் சபை அண்ணன்மார் தயங்கத் தேவையில்லை.

இனி, சபைக்காரர்களிடம் சொல்ல வேண்டியதற்கு வருவோம்.

பெயர் வேண்டாம், ஒரு தோட்டத்தில் மேல் லயத்துக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு கான் போகிறது. அதன் மேல் போட்டிருந்த பலகைப் பாலம் மழையில் இடிந்தது. பள்ளிப் பிள்ளைகள் போகும் வழி. சபை ஆண்கள் 18 பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல் அடுக்கி, மரம் போட்டுச் சரிசெய்தார்கள். அடுத்த மழையில் போனது. மறுபடியும் கட்டினார்கள். அது மூன்றாவது தடவையும் நடந்தது. மூன்றாவது தடவை துரை வந்து நின்று பார்த்தார், கைகொடுத்தார், ஒரு பெட்டி சோடா அனுப்பிவைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம்.

நாங்கள் அன்று மாலை கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 18 பேர், மூன்று ஞாயிறு, ஆக 54 ஆள் நாள். 2024இல் நிர்ணயமான 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டாலே 72,900 ரூபாய். கல்லும் மரமும் ஆணியும் தனி. லயத்துப் பாதையைப் பராமரிக்க வேண்டிய கம்பனிக்கு, லயத்தில் இருப்பவர்கள் கொடுத்த நன்கொடை அது. பதிலுக்கு வந்தது ஒரு பெட்டி சோடா.

அப்படியென்றால் அந்த மூன்று ஞாயிறும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? இல்லை. பிள்ளை கானில் விழுந்த பிறகு, அது நிர்வாகத்தின் பொறுப்பு என்று சொல்லி யாருக்கு என்ன பயன்? நமது தோழர்களில் சிலர், சிரமதானம் செய்தால் தொழிலாளியின் கோபம் ஆறிவிடும், ஆகவே செய்யவே கூடாது என்கிறார்கள். அதை எங்களால் ஏற்க முடியவில்லை. சொந்தப் பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்தி வளர்க்கும் கோபம் நமக்கு வேண்டாம்.

நாங்கள் கேட்பது ஒரு கடிதம்தான். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தூக்குமுன் சனிக்கிழமை ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தப் பாலம் உங்கள் பொறுப்பு, இன்ன திகதியில் இடிந்தது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதால் தற்காலிகமாக நாங்கள் சரிசெய்கிறோம், இத்தனை பேர் இத்தனை மணி நேரம் வேலை செய்கிறோம், நிரந்தரமாகக் கட்டித் தருவது எப்போது? இவ்வளவு போதும். ஒரு பிரதி தோட்டக் காரியாலயத்துக்கு, ஒரு பிரதி பிரதேச சபைக்கு, ஒரு பிரதி சங்கக் கிளைக்கு. வாங்கியவரிடம் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் நாங்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தராது என்று பிரதேச சபைகள் நீண்ட காலமாகச் சொல்லிவந்தன. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதோடு அந்தச் சாட்டு போய்விட்டது. ஆனால் கேட்டு எழுதாத இடத்துக்கு எந்தச் சபையும் தானாக வந்து கொங்கிரீட் போடாது.

இந்த விஷயம் சின்ன விஷயம் அல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை எப்படிச் சரியும் என்று கண்டோம். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள். அதிலும் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மலைப்பக்கம் வாங்கிய அடி பெரிது. அந்த நாட்களில் கோயில், பள்ளிக்கூடம், பன்சலை என்று பாராமல் மக்கள் தங்கினார்கள். சோறு சமைத்தவர்கள், மண் அள்ளியவர்கள், வயதானவர்களைத் தோளில் சுமந்தவர்கள் எல்லாம் இப்படிப்பட்ட சபை ஆட்களும் இளைஞர் கழகத்துப் பிள்ளைகளும்தான். ஆனால் கான் வெட்டாத மலை, சுவர் கட்டாத மண்திட்டு, வெடித்த லயம் இவற்றைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைத்த கடிதம் எத்தனை தோட்டங்களில் இருந்தது? காகிதம் இருந்தால் பிறகு கேட்க வாய் இருக்கும்.

பெண்களைப் பற்றியும் பேச வேண்டும். ஆண்கள் சபை ஞாயிறு முழுக்க ஊருக்கு உழைக்கும்போது வீட்டில் துணி துவைப்பது, விறகு பொறுக்குவது, தண்ணீர் பிடிப்பது யார்? ஆறு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஞாயிறுதான் மிச்சம். "ஊரு வீட்டுத் தகரத்துக்கெல்லாம் ஆணி அடிக்கிறாரு, நம்ம வீட்டுத் தகரம் ஒழுகுதே டீச்சர்" என்று ஒரு அக்கா எங்களில் ஒருவரிடம் சொன்னார். சிரிப்பாகத்தான் சொன்னார். சபை ஆண்கள் அதைச் சிரித்துவிட்டு விடக்கூடாது. வின்சென்ட் டி போல் சபையே 1960களின் கடைசியில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. நம் பக்கத்தில் பெண்களுக்குத் தனியாக மாதா சபை இருக்கிறது என்று சொல்லலாம். இருக்கட்டும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று முதலில் தெரிவது பெண்களுக்குத்தான். திட்டம் போடும்போது அவர்கள் உட்காராமல் எப்படிச் சரியாக வரும்?

இப்போது முக்கியமான காரியம். மக்கிவ்னி சுவாமியாரின் கதையை நாங்கள் எடுத்ததே இதற்காகத்தான்.

தோட்டத் தொழிலாளி ஒருவர் செத்தால் சபை குழி வெட்டுகிறது, துண்டு விரித்து ஐயாயிரம் பத்தாயிரம் சேர்த்துக் கொடுக்கிறது. நல்லது. ஆனால் அந்த வீட்டுக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம் அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது, அது வராமல் கிடக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்திருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் 3 வீதம் கட்டியிருக்க வேண்டும். இதற்குமேல் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இருக்கிறது. நாம் சேவைக்காலப் பணம் என்கிறோமே, அது. ஐந்து ஆண்டு வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம். வேலையில் இருக்கும்போதே செத்தால் அது வாரிசுகளுக்கு. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 25 ஆண்டு பால் வெட்டிய அல்லது கொழுந்து பறித்த ஒருவருக்கு 1,350 ரூபாய்ப்படி பார்த்தால் 4,72,500 ரூபாய். குளவி கொட்டியோ மரம் விழுந்தோ வேலைத்தளத்தில் இறந்தால் 1934ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் வருகிறது.

ஏன் வராமல் கிடக்கிறது? பல இடங்களில் நிர்வாகம் இழுத்தடிக்கிறது, அது நமக்குத் தெரிந்த சண்டை. ஆனால் நாங்கள் மனு எழுதி உட்காரும்போது பார்ப்பது வேறொன்று. அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதி அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது பெயர். செல்லம்மா ஒன்றில் செல்லம்மாள், இன்னொன்றில் செல்லாயி. கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியது. பின்னுரித்தாளி என்று எழுதியிருப்பது கலியாணத்துக்கு முன் கொடுத்த தாயின் பெயர், அந்தத் தாய் செத்து இருபது வருடம். சிலருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை, உத்தேச வயதுச் சான்றிதழோடு காலம் தள்ளியவர்கள். துக்கத்தில் இருக்கும் மனைவியோ மகனோ இந்தக் காகிதங்களோடு மாத்தளைத் தொழில் காரியாலயத்துக்கு நாலு தடவை பஸ் ஏறுவார்கள். ஐந்தாவது தடவை போக மாட்டார்கள்.

இங்கேதான் சபையும் சங்கமும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகிறது. கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, விவாகப் பதிவேடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அனுமதிப் பதிவேடு இருக்கிறது. காலங்கடந்து பிறப்பைப் பதியவும் பெயரைத் திருத்தவும் இவை சாட்சியாகப் பயன்படும். சங்கத்துக்குச் சட்டம் தெரியும், காரியாலயத்தில் எந்த மேசைக்குப் போவது என்று தெரியும். சபைக்கோ வீடு தெரியும். யார் வீட்டில் நோயாளி இருக்கிறார், யார் பேசாமல் கிடக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு நமது கிளைச் செயலாளர்களுக்குத் தெரியாது. இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போகும் அந்தப் பழக்கத்தோடு ஒரு கொப்பியும் பேனாவும் சேர்ந்தால், ஆள் உயிரோடு இருக்கும்போதே காகிதம் சரியாகிவிடும்.

கத்தோலிக்கச் சபை கத்தோலிக்கர்களுக்குத்தானே செய்யும் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். இந்த மறைமாவட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1972இல் இயேசு சபைத் துறவி போல் கஸ்பஸ் கண்டியில் சத்தியோதயம் என்ற இல்லத்தைத் தொடங்கினார். தமிழர், சிங்களவர், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வேலை செய்த இடம் அது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்து மக்கள் பசியில் செத்துக்கொண்டிருந்த காலம். அப்போது அவர் நிவாரணத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தோட்டப் பகுதிகளில் வேலை செய்த அமைப்புகளைச் சேர்த்து 1974இல் ஓர் இணைப்புச் செயலகம் உருவாகவும், நம் மக்களின் குடியுரிமை, கூலி, காணி பற்றி நாடு முழுக்கப் பேசவும் முன்நின்றார். 2017இல் அவர் மறைந்தபோது நமது தோட்டங்களில் பலருக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. நமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் அது.

எங்கள் பக்கத்தில் இது பேச்சோடு நிற்கவில்லை. உபதேசியாரும் சபைத் தலைவரும் மாரியம்மன் கோயில் பரிபாலன சபையும் கிளைச் செயலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினோம். முதல் முறை அப்படி உட்கார்ந்ததில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. இரண்டு பக்கத்திலும் "அவங்க வரட்டும் பார்ப்போம்" என்ற முகம். தேத்தண்ணி வந்த பிறகு சரியாகிவிட்டது. மரண சகாய நிதிக்கு ஒரே பட்டியல் வைப்பது என்று முடிவானது. குழிக்கு ஆள் பட்டியலும் அப்படியே. சபையோ, பஜனைக் கோஷ்டியோ, இளைஞர் கழகமோ, யார் முறை வந்தாலும் வெட்ட வேண்டும். பெண்களில் நாலு பேரைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறார்கள். விடமாட்டோம்.

காகிதம் பார்க்கும் வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. முதலாம் ஞாயிறு செபம் முடிந்ததும் கோயில் மண்டபத்தில், இரண்டாம் ஞாயிறு மாரியம்மன் கோயில் மடத்தில், மூன்றாம் ஞாயிறு பள்ளிக்கூடத்தில். யாரும் எந்த இடத்துக்கும் வரலாம். அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம், கடைசிச் சம்பளத் துண்டு, பிறப்பு, விவாகப் பத்திரங்கள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் இவற்றைக் கொண்டு வாருங்கள். ஓய்வு பெற்று இன்னும் சேவைக்காலப் பணம் கிடைக்காதவர்கள் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பெண்கள் தங்கள் பெயரில் உள்ள காகிதத்தைத் தாங்களே கொண்டு வருவது நல்லது, கணவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். பெயரில் எழுத்து மாறியிருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் வைத்துவிடாதீர்கள். அதைத் திருத்தத்தான் உட்கார்கிறோம்.